மண்ணில் இறங்காத பேருந்து

எங்கள் டிப்போ மேலாளருக்கு ஒரு வார்த்தை பிடித்துப்போனால் அதை லேசில் விடமாட்டார். போன வருஷம் முழுக்க "ஒழுங்கு" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எங்கள் உயிரை எடுத்தார். டயர் தேய்ந்தாலும் ஒழுங்கு இல்லை, டீ ஆறிப்போனாலும் ஒழுங்கு இல்லை. இந்த வருஷம் அவருக்குக் கிடைத்த வார்த்தை "உரமேறியவர்கள்". போர் முடிந்து பட்டாளத்தை விட்டு வந்தவர்களில் நாலைந்து பேரை எங்கள் டிப்போவில் வேலைக்கு எடுத்தார்கள். அன்று காலையில் எங்களையெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசையாக நிறுத்திவைத்து ஒரு பேச்சுப் பேசினார் பாருங்கள்!

"இவங்க நிஜமான சண்டையைப் பார்த்தவங்க. தலைக்கு மேல குண்டு பறக்கும்போது வேலை செஞ்சவங்க. உரமேறின ஆளுங்க. மழை பெஞ்சா லீவு, வெயில் அடிச்சா தலைவலின்னு உங்களை மாதிரி சொல்ல மாட்டாங்க."

சொல்லும்போது அவர் கண் நேராக என் மேல்தான் நின்றது. நான் நடத்துனர். டிப்போவில் என்னை வாயாடி என்பார்கள். இருக்கட்டும். பிதுங்கி வழிகிற பேருந்தில் வாய் இல்லாமல் டிக்கெட் போட முடியுமா? ஊமையாக இருந்தால் என்னையும் சேர்த்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடுவார்கள். நான் மேலாளரைப் பார்த்து நன்றாகவே முறைத்தேன். அவரும் பழிவாங்கத் தெரிந்த மனிதர்தான். அந்த உரமேறியவர்களில் ஒருவரைக் கொண்டுவந்து என் வண்டிக்கே ஓட்டுநராகப் போட்டார்.

டிப்போவில் அவரைப் பட்டாளம் என்று கூப்பிட்டார்கள். என்னைவிட இளையவர் என்பதால் எனக்குத் தம்பி. ஒல்லியான உடம்பு, ஒட்ட வெட்டிய முடி, பளபளவென்று பூட்ஸ். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், கேட்காததற்கு வாயே திறக்க மாட்டார். இப்படி ஒரு ஆளோடு நாள் முழுக்கப் போய்வர வேண்டுமே என்று முதல் நாள் எனக்கு அழுகையே வந்தது.

ஆனால் ஓட்டுவதைப் பார்த்த பிறகு குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாள் குடித்துவிட்டு ஏறிய ஒருவன் என் கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பிடுங்கப் பார்த்தான். பட்டாளம் வண்டியை நிறுத்தினார், எழுந்து வந்தார், அவன் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான். அந்த ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இடத்தில் போய் உட்கார்ந்து டிக்கெட்டும் வாங்கிக்கொண்டான். இன்னொரு நாள் மலை வளைவில் பின் டயர் வெடித்தது. வண்டியே ஒருமுறை துள்ளியது, பேருந்து முழுக்க ஒரே கூச்சல். நான் போட்ட சத்தம் அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும். பட்டாளம் மட்டும் வண்டியை அலுங்காமல் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டயர்தான்கா" என்றார்.

மற்ற வெடிச் சத்தங்களெல்லாம் தெரிந்த மனிதன் சொன்ன வார்த்தை அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது, இவருக்கு வெறும் டயராம் என்று எரிச்சல்தான் வந்தது.

இத்தனை நல்ல ஓட்டுநரிடம் ஒரே ஒரு கோளாறு. வண்டியைத் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்க மாட்டார்.

எங்கள் ரூட் எப்படி என்றால், ஊர் எல்லை தாண்டியதும் நடைபாதை, சிமெண்டு எல்லாம் முடிந்துவிடும். நடுவில் தார், இரண்டு பக்கமும் மண். பேருந்து நிற்க வேண்டிய இடமெல்லாம் அந்த மண் ஓரம்தான். எந்த ஓட்டுநரும் அங்கே ஒதுங்கித்தான் ஆளை ஏற்றி இறக்குவார். இவர் நட்ட நடு ரோட்டில் நிறுத்துவார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். அத்தனையும் படிக்கட்டில் நிற்கிற என் காதில்தான் விழும். ரோட்டில் புதிதாக ஒட்டுப் போட்ட இடம் வந்தாலும் அதைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போவார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் மைதானத்தின் குறுக்கே நடந்து டீக்கடைக்குப் போவோம். இவர் மட்டும் சிமெண்டு வரம்பின் மேலேயே சுற்றிக்கொண்டு வந்து சேருவார்.

"செருப்புல மண்ணு படக்கூடாதுன்னு நடக்கிற புது மாப்பிள்ளையைப் பாருங்க" என்று நான் டீக்கடையில் சத்தமாகச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் லேசாகச் சிரிப்பார். இன்று நினைத்தால் என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

வண்டியில் கேட்டால் ஒரே பதில்தான்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா ஒதுக்குங்க."

"பாக்குறேன்கா."

எதைப் பார்க்கிறார் என்று நானும் கவனித்தேன். நிறுத்தம் நெருங்கும்போது ஸ்டியரிங்கில் அவர் கை ஓரத்தை நோக்கித் திரும்பும். பாதி திரும்பி அப்படியே நின்றுவிடும். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகும். கழுத்தில் வியர்வை கொட்டும். அதற்குள் வண்டி நடு ரோட்டில் நின்றிருக்கும்.

பள்ளிக்கூட நிறுத்தத்தில்தான் வினை வந்தது. அங்கே தினமும் இறங்குகிற டீச்சர் ஒருவர், கையில் குடை, தோளில் பை. படியிலிருந்து தாரில் காலை வைத்தார். எங்கள் வண்டிக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் புகுந்து வந்தான். நான் டீச்சரின் பையைப் பிடித்து இழுத்ததில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குடை போன இடம் தெரியவில்லை.

"ஆளைக் கொல்றதுக்கா வண்டி ஓட்டுறீங்க? பின்னாடி என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. பட்டாளத்தின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

டீச்சர் நேராக டிப்போவுக்கே போய்விட்டார். மறுநாள் மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். உரம், சண்டை எல்லாம் அவர் பேச்சிலிருந்து காணாமல் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை செக்கிங் இன்ஸ்பெக்டர் உங்க வண்டியில வருவாரு. ஒரே ஒரு ஸ்டாப்புல நடு ரோட்டுல ஆளை இறக்கினாலும் சரி, அன்னியோட உனக்கு ஸ்டியரிங் கிடையாது. வேற வேலையும் என்கிட்ட இல்ல."

"டவுன் ரூட்டுல போடுங்க சார், அங்க மண்ணே இல்ல" என்றேன் நான்.

"டவுன் ரூட்டு சீனியருக்கு. உனக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். மறுபடியும் வாயைத் திறந்தேன். மேலாளர் கதவைக் காட்டினார்.

வெளியே வந்ததும் பட்டாளத்தை ஒரு பிடி பிடித்தேன். "என்னய்யா உங்க பிரச்சினை? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்? அந்த டீச்சருக்கு ஏதாவது ஆகியிருந்தா நாம ரெண்டு பேரும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

"தப்பு என்மேலதான்கா" என்றார். கல்லோடு பேசியிருக்கலாம்.

அன்று மாலை அவருடைய மனைவி டிப்போவுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவரைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வந்திருந்தாள். டிக்கெட் அறைக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரை வண்டியை விட்டு இறக்கிடாதீங்க."

"நான் யாரும்மா இறக்குறதுக்கு? நானே ஒரு விசில் ஊதுற ஆளு."

"சண்டை முடிஞ்சு வந்து ஒரு வருஷம் வீட்டுல சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்தாருக்கா. குழந்தை பக்கத்துல போனாக்கூட எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பாரு. இந்த வண்டி கிடைச்சதுக்கு அப்புறம்தான் சாப்பிடும்போது பேசுறாரு. இன்னிக்கு எந்த ஸ்டாப்புல யாரு ஏறினா, நீங்க யாரைத் திட்டினீங்க, எல்லாம் சொல்லுவாரு. குழந்தை உங்களை மாதிரியே விசில் அடிச்சுக் காட்டும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போருக்குப் போன மனுஷன் இப்பத்தான்கா வீட்டுக்கு வர ஆரம்பிச்சிருக்காரு. பாதி வழியில நிறுத்திடாதீங்க."

நான் பாட்டுக்கு ஊரைத் திட்டிக்கொண்டு திரிகிறேன், அதை ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரத்துக் கதையாக வைத்துச் சிரித்திருக்கிறார்கள். குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவரும் பட்டாளத்திலிருந்து வந்த அந்த நாலைந்து பேரில் ஒருவர்தான், ஆனால் வேறு படைப்பிரிவு. குண்டுச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. "திட்டணும்னா இடது பக்கம் வந்து திட்டுங்க, ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்ல" என்பார். நான் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவன் லாரி ஓட்டினவன்கா. சாமானை ஏத்திக்கிட்டு வரிசையா போற லாரி. எங்களுக்கெல்லாம் அங்க ஒரே ஒரு பாடம்தான். முன்னாடி போன வண்டியோட டயர் தடத்தை விட்டு நகரக்கூடாது. ஓரத்து மண்ணுல கண்ணிவெடி புதைச்சிருப்பான். புதுசா ஒட்டுப் போட்ட ரோட்டுலயும் இருக்கும். ஒண்ணுக்கு வந்தாக்கூட வண்டிப் படியில நின்னுக்கிட்டேதான்."

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே. இங்க ஏதுய்யா கண்ணிவெடி?"

"அது அவனுக்குத் தெரியாதா? தலைக்குத் தெரியும்கா. கைக்குத் தெரியல." அவர் தன் எண்ணெய்க் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பாடம் ஏறாதவங்கெல்லாம் அங்கயே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஏறினவங்கதான் திரும்பி வந்திருக்கோம். இப்ப அதை இறக்கிவைன்னு சொன்னா எப்படி இறக்குறது?"

மேலாளர் சொன்ன உரம் இதுதானா என்று எனக்குத் திக்கென்றது. அந்த உரத்தைக் கொண்டாடித்தான் ஆளை எடுத்தார்கள், அதே உரத்துக்காகவே வேலையை விட்டுத் துரத்தவும் போகிறார்கள்.

"நீங்க மட்டும் எப்படி நல்லா இருக்கீங்க?"

"நான் நாள் பூரா கான்கிரீட் தரையிலதானே நிக்கிறேன்" என்று சிரித்தார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க மைதானத்துக்குப் பந்து விளையாடக் கூப்பிடுவாங்க. முட்டி வலின்னு சொல்லிடுவேன். முட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அங்க முதல் வண்டி எப்படிப் போகும்? அதுக்கு முன்னாடி தடம் இருக்காதே?"

"முன்னாடி ஒருத்தன் நடந்து பாத்துக்கிட்டே போவான். அவன் சரின்னு கை காட்டினா வண்டி நகரும்."

இதைக் கேட்டதும் எனக்குள் விளக்கு எரிந்தது. அட, இவ்வளவுதானே! பின்னால் எடுக்கிற வண்டிக்குக் கை காட்டுவது என் தொழில். வரலாம் வரலாம் என்று கத்திக் கத்தியே என் தொண்டை இப்படி ஆனது. முன்னால் நடந்து காட்ட எனக்கென்ன நோவு? மெக்கானிக்கிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருப்பாரோ என்னவோ. நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே அவசரப் புத்தி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வண்டியில் இன்ஸ்பெக்டர் ஏறினார். படிக்குப் பக்கத்து முதல் இருக்கையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பவர் போல் ஒரு முகம். முந்தின நாள் பெய்த மழையில் ஓரத்து மண்ணெல்லாம் ஈரமாகக் கிடந்தது. பட்டாளம் ஏறும்போதே அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊருக்குள் எல்லாம் ஒழுங்காகப் போனது. எல்லை தாண்டி முதல் நிறுத்தம் தையல் கம்பெனி. மதிய ஷிப்டுக்கு இறங்குகிற பெண்கள் ஏற்கெனவே படிக்கட்டுப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் ஒற்றை விசில் கொடுத்தேன். வண்டி தாரிலேயே நின்றது.

"யாரும் இறங்கக் கூடாது. இறங்கினா டிக்கெட்டைத் திருப்பி வாங்கிடுவேன்" என்று பெண்களை மிரட்டிவிட்டு நான் மட்டும் குதித்தேன். வண்டிக்கு முன்னால் போய் ஓரத்து மண்ணில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நன்றாக மிதித்து மிதித்து நடந்தேன். என் உடம்புக்கு மண் நன்றாகவே அமுங்கும். பிறகு திரும்பி நின்று கையை உயர்த்தி, "வாங்க தம்பி, வரலாம், வரலாம், வாங்க" என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இனிமேல் பார்க்க வேண்டாம் எனக்கு.

"நகராதீங்க!"

அந்தக் குரல் அவருடையது என்றே எனக்கு முதலில் புரியவில்லை. ஓட்டுநர் கதவு திறந்தது. "அக்கா, அப்படியே நில்லுங்க! காலை எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். மண்ணில் தடதடவென்று ஓடி வந்து, என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, வந்த வேகத்திலேயே தாருக்குக் கொண்டுபோய் இறக்கினார். என்னைத் தூக்க என் வீட்டுக்காரருக்கே கல்யாணமான நாளிலிருந்து தைரியம் வந்ததில்லை. இந்த ஒல்லி மனிதர் தூக்கிவிட்டார். விசில் ஒரு பக்கம், டிக்கெட் மெஷின் ஒரு பக்கம் ஊசலாட நான் மலங்க மலங்க விழித்தேன்.

அவருக்கு மூச்சு இரைத்தது. என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஏன்கா போனீங்க? உங்களை யாரு முன்னாடி நடக்கச் சொன்னது? யாரு சொன்னது?"

"உங்களுக்காகத்தான்யா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் தாரிலேயே உட்கார்ந்துவிட்டார். பேருந்துக்குள் பெண்கள் ஜன்னல் பக்கம் வந்து குவிந்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரன்கூட எதையோ பார்த்து ஹாரனை நிறுத்திவிட்டான்.

"எனக்கு முன்னாடி அவன்தான்கா நடப்பான்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கூடாரம். அவன் சட்டையை நான் போடுவேன், என் சோப்பை அவன் கரைப்பான். அன்னிக்கு ரோடு முழுக்க நடந்து பாத்துட்டு, சுத்தம்னு கை காட்டினான். கை காட்டிட்டு நகர மாட்டேங்கிறான். ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான், வம்புக்கு. நான்தான் தலையை வெளிய நீட்டி, ஒதுங்குடா எருமைன்னேன்." உள்ளங்கையால் தாரைத் தேய்த்தார். "ஒதுங்கினான்கா. ஓரத்துக்கு."

அவர் பக்கத்தில் நானும் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். செக்கிங் இருக்கிறதாவது, வேலை இருக்கிறதாவது. ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே ஒதுங்கியிருக்கிறான், இன்னொரு பிள்ளை அன்றிலிருந்து ஒதுங்க முடியாமல் நடு ரோட்டிலேயே நிற்கிறான். இதை எந்த மேலாளரிடம் போய்ச் சொல்வது?

மூக்கைச் சிந்தப் புடவைத் தலைப்பை எடுத்தபோதுதான் மண்ணைப் பார்த்தேன். ஈரமண்ணில் என் செருப்புத் தடம். அதன் பக்கத்தில் பூட்ஸ் தடம். போனது ஒரு வரிசை, வந்தது ஒரு வரிசை. வந்த வரிசை நல்ல ஆழமாகப் பதிந்திருந்தது, என் கனமும் சேர்ந்ததல்லவா.

"தம்பி, அங்க பாருங்க. அது யாரு ஓடின தடம்?"

அவர் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். பளபளவென்று இருந்த பூட்ஸில் கணுக்கால் வரை சேறு. காலைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடினப்ப எனக்கு நினைப்பே இல்லக்கா" என்றார்.

"என்னைக் காப்பாத்தத்தானே ஓடினீங்க. அதுல எங்க நினைப்பு இருக்கும்?"

தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி ஜன்னலில் தலையை நீட்டி, "நாங்களும் இறங்கி நடக்கட்டுமா அண்ணா?" என்றாள்.

"உள்ள உக்காருடி" என்றேன் நான். நான் முன்னால் நடந்து செய்த காரியம் போதாதா!

பட்டாளம் எழுந்தார். "நீங்க வண்டியில ஏறுங்கக்கா" என்றார். நான் ஏறவில்லை, ஆனால் மண்ணிலும் இறங்கவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தாரின் விளிம்புக்குப் போனார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு காலை வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார். பேருந்தின் நீளத்துக்கு மெதுவாக நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தாடை இறுகுவதும் விடுவதும் தெரிந்தது. திரும்பி அதே தடத்தின் மேல் நடந்து வந்தார். குண்டுக்கு நடுவில் நின்றவர்கள் என்று மேலாளர் பேசினாரே, அந்தத் தைரியம் எனக்குத் தெரியாது. இந்தத் தைரியத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார், நானும் படியில் தொற்றிக்கொண்டேன். முன் சக்கரம் தாரை விட்டு இறங்கியது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், என்னவோ எங்களுக்கும் அடியில் ஏதோ இருப்பது போல. பின் சக்கரமும் இறங்கியது. அவருடைய பூட்ஸ் தடத்தின் மேலேயே ஏறி, பேருந்து முழுசாக மண்ணில் நின்றது. பின்னால் காத்திருந்த லாரிகள் வரிசையாகக் கடந்து போயின. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அவர் அழுதார். தையல் கம்பெனிப் பெண்கள் இறங்கும்போது ஒவ்வொருத்தியும் ஓட்டுநர் பக்கம் பார்த்து, "வரேன்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். என்றைக்கும் சொல்லாதவர்கள்.

இன்ஸ்பெக்டரை அப்போதுதான் நினைத்தேன். வண்டி முதலில் நடு ரோட்டில் நின்றதைப் பார்த்தாயிற்று. ஓட்டுநர் கதவைத் திறந்துபோட்டு ஓடியதையும், நடத்துனர் ரோட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்ததையும் பார்த்தாயிற்று. நேரமோ எக்கச்சக்கமாகப் போய்விட்டது. கெஞ்சிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"சார்..."

"ஆளுங்க எங்க இறங்கினாங்கன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "மண்ணுலதான் இறங்கினாங்க. லேட்டைப் பத்திக் கேக்கச் சொல்லி யாரும் என்னை அனுப்பல. நீ போய் டிக்கெட்டைப் போடும்மா." சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும்தான் துடைத்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்த நிறுத்தத்திலும் பட்டாளம் இறங்கி நடந்தார். அதற்கு அடுத்ததிலும் நடந்தார். பேருந்தே பொறுமையாகக் காத்திருந்தது. அவசரமாகப் போக வேண்டிய ஒரு ஆள் மட்டும், "இப்படி ஒவ்வொரு ஸ்டாப்பா நடந்தா எப்ப போய்ச் சேர்றது?" என்று முணுமுணுத்தார். அவரை நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது பள்ளிக்கூட நிறுத்தம். சனியன் பிடித்த அந்த இடம். காலை நேரத்துத் தேர்வு முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் கும்பலாகக் காத்திருந்தார்கள். நடுவில் டீச்சர், எங்கிருந்தோ வாங்கிய புதுக் குடையோடு. எங்கள் வண்டியைக் கண்டதும் பிள்ளைகளை இரண்டு கையாலும் பின்னால் தள்ளினார். நான் விசிலை வாயில் வைத்தேன். பட்டாளம் வேகத்தைக் குறைத்தார். இறங்கி நடப்பதற்காக நிறுத்தப்போகிறார் என்று நானும் கதவருகே ஒதுங்கி நின்றேன்.

அவர் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாக அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தேங்கிய தண்ணீரில் குதித்தாள், பக்கத்தில் நின்றவள் மேல் சேறு தெறித்தது. அவள் துரத்த, இவள் ஓட, ஓரத்து மண் முழுக்க அந்தக் குட்டிக் கால்கள் மிதித்துக் கூழாக்கி வைத்திருந்தன.

"அக்கா, அந்த மண்ணுல எத்தனை பிள்ளைங்க நிக்குது பாருங்க" என்றார்.

"தினமும்தான் நிக்குதுங்க."

"நான் இன்னிக்குத்தான்கா பாக்குறேன்."

டீச்சர் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இடம் விட்டார். பட்டாளம் ஓரமாக ஒடித்து, மண்ணில் இறக்கி, அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்.